தட்டில் எடுத்த வசனமும் அதைச் சுற்றியுள்ள அதிகாரமும்

குமரி மாவட்டத்தின் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும், கத்தோலிக்கப் பங்குகளின் சிறு குழுக்களான அன்பியங்களின் பொறுப்பாளர்களுக்கும், வீட்டு ஜெபக்கூட்டங்களில் வேதம் விளக்குவோருக்கும் ஒரு திறந்த மடல்



குமரி மாவட்டத்துக் கிறிஸ்தவ வீடுகளுக்குள் வேதாகமம் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, ஞாயிறுதோறும் ஆலயத்தில் முறைப்படி வாசிக்கப்படும் பகுதி. மற்றது தனி வசனம்: டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் தட்டிலிருந்து எடுக்கும் வாக்குத்தத்த அட்டை, சுவர்க் காலண்டரில் அச்சிட்ட மாத வசனம், விடியும் முன்பே அலைபேசிக்கு வந்து சேரும் படம். பெரும்பாலான வீடுகளில் அன்றாடப் பாடுகளோடு ஒட்டி நிற்பது இந்த இரண்டாவதுதான். கவிழ்த்து அடுக்கிய அட்டைகளில் ஒன்றைக் குடும்பத்துக்காக அம்மாவோ மூத்த மகளோ எடுக்கிறார். ஆலய முற்றத்து விளக்கு வெளிச்சத்தில் வாசித்துப் பார்க்கிறார். வீட்டுக்குப் போனதும் அது பீரோக் கதவில் ஏறிவிடுகிறது. அந்த ஆண்டு மகனுக்கு விசா வந்தாலும் வராவிட்டாலும், அப்பாவின் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தாலும் முடியாவிட்டாலும், கண் முதலில் போகும் இடம் அந்த அட்டை.

இதில் உள்ள பக்தி உண்மையானது. அதை எள்ளுவதற்கு யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் வசனத்தைச் சுற்றியிருந்த அதிகாரம் அட்டையில் வருவதில்லை. யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எந்த நெருக்கடியில் சொன்னது என்பதெல்லாம் வெட்டுப்பட்டுப் போகிறது. நாளாந்த வாழ்க்கைக்கான பொருளோ பெரும்பாலும் அந்த வெட்டுப்பட்ட பகுதியில்தான் கிடக்கிறது.

எரேமியா 29-ஆம் அதிகாரத்தின் 11-ஆம் வசனம் அட்டைகளில் அடிக்கடி வருவது. தேவன் தம் மக்களுக்குத் தீங்கை அல்ல, நன்மையையே நினைத்திருக்கிறார் என்பது அதன் சாரம். அது ஒரு கடிதத்தின் நடுவில் உள்ள வரி. நேபுகாத்நேச்சார் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோன மூப்பர்கள், ஆசாரியர்கள், பொதுமக்கள் எல்லாருக்கும் சேர்த்து எருசலேமிலிருந்து எரேமியா எழுதிய கடிதம் அது. முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் நின்றுகொண்டு, இரண்டே ஆண்டுகளில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று அறிவிக்கிறான். கேட்டவர்களுக்கு அது இனித்திருக்கும். எரேமியாவின் கடிதம் அதை மறுக்கிறது. திரும்ப எழுபது ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த அந்நிய ஊரிலேயே வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும், தோட்டம் போட்டு அதன் பலனை உண்ண வேண்டும், பிள்ளைகளுக்கு மணம் முடித்து வைக்க வேண்டும், சிறைபிடித்தவனின் நகரம் நன்றாயிருக்க மன்றாட வேண்டும் என்கிறது. 11-ஆம் வசனம் அந்த எழுபது ஆண்டுகளுக்குமான நம்பிக்கை. கடிதம் வாசிக்கக் கேட்ட முதியவர்களில் பெரும்பாலோர் திரும்பும் நாளைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தூத்தூர்க் கடற்கரையிலும் விளவங்கோடு, கல்குளம் பகுதி ஊர்களிலும் ஒருவராவது வளைகுடாவில் இருக்கும் வீடுகள் ஏராளம். அந்த வீட்டில் இந்த அதிகாரம் முழுதாக வாசிக்கப்பட்டால், கேள்வி மாறிவிடுகிறது. எப்போது திரும்பலாம் என்ற ஒரே ஏக்கத்தோடு, அங்கே இருக்கும் நாட்களை எப்படி வாழ்வது என்பதும் ஜெபத்துக்குள் வருகிறது. ஒரே அறையில் தங்கும் வேறு மொழிக்காரர், சம்பளம் தரும் அந்நியரின் ஊர், இங்கே தனியாக விளையையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளும் மனைவி என எல்லாருக்கும் அந்தக் கடிதத்தில் இடம் இருக்கிறது. விரைவில் எல்லாம் மாறிவிடும் என்று மேடையில் நாள் குறித்துச் சொல்பவர்களுக்கும் அந்த இரு அதிகாரங்களில் ஓர் இடம் இருக்கிறது. அது எரேமியாவின் பக்கம் அல்ல.

ஒரு வேதப் பகுதி குமரி மண்ணில் ஒரு மனிதரின் வாழ்வைப் புரட்டிப்போட்டதற்கு மிகத் தெளிவான சான்று யோபின் கதை. நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டப் பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனைப் பணியில் இருந்தவர். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்த டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு நண்பரானார். அடுத்தடுத்து வந்த இழப்புகளால் நீலகண்டர் மனம் தளர்ந்திருந்தபோது, டிலனாய் அவருக்கு யோபின் வரலாற்றை எடுத்துச் சொன்னார் என்று மரபு சொல்கிறது. 1745-இல் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரியிடம் திருமுழுக்குப் பெற்று அவர் தேவசகாயம் ஆனார். 1749-இல் கைது செய்யப்பட்டார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார்.

யோபு நூலில் அட்டைகளுக்கும் மேடைகளுக்கும் மிகவும் பிடித்த பகுதி, இழந்ததெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பும் முடிவு. நாற்பத்திரண்டு அதிகாரங்களில் அது வருவது கடைசி எட்டு வசனங்களில். தேவசகாயத்துக்கு அந்த இரட்டிப்பு வரவில்லை. பதவி போயிற்று, விடுதலை போயிற்று, கடைசியில் உயிரும் போயிற்று. ஆகவே அந்த நூலில் அவர் பற்றிக்கொண்டது அந்த எட்டு வசனங்களாக மட்டும் இருந்திருக்க முடியாது. கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டாலும் தேவன் தேவனே என்று சொல்ல ஒரு மனிதனால் முடியும் என்பதும், அதைச் சொல்வதற்கு முன்னும் பின்னும் அழவும் முறையிடவும் வழக்காடவும் அவனுக்கு இடம் உண்டு என்பதும்தான் அதற்கு முந்தைய நாற்பத்தொரு அதிகாரங்களின் பொருள். யோபை இரட்டிப்புக்கான உத்தரவாதமாக மட்டும் படிக்கும் வாசிப்பால், தன் சொந்த மாவட்டத்துப் புனிதரையே விளக்க முடியாது.

அதே நூலின் இன்னொரு வசனம் புதுக்கடைத் திறப்பு அழைப்பிதழ்களிலும் கடைச் சுவர்களிலும் இடம்பிடித்திருக்கிறது. தொடக்கம் சிறியதானாலும் முடிவு மிகப் பெருகும் என்ற பொருளில் 8-ஆம் அதிகாரத்தில் வருவது அது. அதைச் சொல்பவர் யோபின் நண்பர் பில்தாத். மூன்றே வசனங்களுக்கு முன்னால் அதே வாயால், பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பனிடம், அவர்கள் பாவம் செய்ததால் செத்தார்கள் என்று குறிப்புக் காட்டுகிறார். நேர்மையாக இருந்திருந்தால் செல்வம் வந்திருக்கும், வரவில்லை என்றால் நேர்மை இல்லை என்பது அவருடைய கணக்கு. 42-ஆம் அதிகாரத்தில் தேவன், பில்தாத் உட்பட மூன்று நண்பர்களும் தம்மைக் குறித்துச் சரியானதைப் பேசவில்லை என்று கோபம் கொள்கிறார். கண்டிக்கப்பட்ட ஒருவரின் வாதத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து ஆசீர்வாதமாகச் சுவரில் மாட்டுவது அறியாமல் நடப்பது. ஆனால் கடையில் நட்டம் வரும் நாளில் அந்த வாதத்தின் மீதிப் பாதி தானாகவே வந்து நிற்கும். வியாபாரம் முடங்கியவரைப் பார்த்து, என்ன பாவம் செய்தாரோ என்று சபையார் முணுமுணுப்பது பில்தாத்தின் குரல்தான்.

இது வெறும் விளக்கவுரைச் சிக்கல் அல்ல. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் குளச்சலும் மணக்குடியும் பிணங்களை எண்ணிக்கொண்டிருந்தன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலின்போது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவே இல்லை. இப்படிப்பட்ட நாட்களில் தண்டனை, சாபம், எச்சரிப்பு என்ற சொற்கள் பேரிழப்பில் இருப்பவர்களின் காதில் விழுகின்றன. லூக்கா 13-இல் இதே கேள்வி இயேசுவின் முன் வருகிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே பதில் சொல்கிறார். மனந்திரும்புதலுக்கான அழைப்பு அதற்குப் பிறகுதான், அதுவும் உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு. செத்தவர்கள் மேல் ஒரு சொல்லும் சுமத்தப்படவில்லை.

துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்கு யோபு நூலின் 2-ஆம் அதிகாரமே போதும். நண்பர்கள் வந்தார்கள், அழுதார்கள், ஏழு நாள் யோபோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் செய்ததில் சரியான காரியம் அது ஒன்றுதான். வாயைத் திறந்த பிறகு எல்லாம் கெட்டது. அடக்கம் முடிந்த வீட்டில் இரவுதோறும் ஒலிபெருக்கி வைத்து நடக்கும் நீண்ட பிரசங்கங்களின் இடத்தில், ஒரு சங்கீதத்தை மெதுவாக வாசித்துவிட்டு உட்கார்ந்திருப்பது வேதத்துக்கு அதிக நெருக்கமானது.

கடற்கரைப் பங்குகளில் புயலை இயேசு அடக்கிய பகுதி எல்லாருக்கும் தெரியும். அப்போஸ்தலர் 27 அந்த அளவுக்கு வாசிக்கப்படுவதில்லை. கடலில் பிழைப்பவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான அதிகாரம் வேதத்தில் இல்லை எனலாம். கடற்பயணக் காலம் தப்பிவிட்டது, இந்த ஓட்டம் சேதத்தில் முடியும் என்று பவுல் எச்சரிக்கிறார். நூற்றுக்கு அதிபதியோ மாலுமியையும் கப்பல்காரனையும் நம்புகிறான். பிறகு புயல். பதினாலாம் இரவில் குண்டுவிட்டு ஆழம் பார்க்கிறார்கள்: இருபது பாகம், சற்றுத் தள்ளிப் பதினைந்து பாகம். கப்பலாட்கள் சிலர் படகை இறக்கித் தப்பப் பார்க்கிறார்கள், அது தடுக்கப்படுகிறது. எல்லாரையும் சாப்பிடச் சொல்கிறார் பவுல். கப்பல் உடைகிறது, 276 பேரும் நீந்தியும் பலகைகளைப் பிடித்தும் கரையேறுகிறார்கள். உயிர் தப்பும் என்ற வாக்குறுதி முன்பே கிடைத்திருந்தது. ஆனாலும் காற்றின் திசை, நீரின் ஆழம், பருவம், உணவு எதையும் அந்தப் பகுதி அற்பமாக நினைக்கவில்லை. ஒக்கியின்போது பல நாள் தங்கி மீன்பிடிக்கும் படகுகளுக்கு எச்சரிக்கை உரிய நேரத்தில் போய்ச் சேராதது பெரிய வேதனை. படகில் தகவல் கருவி இருக்கிறதா, உயிர்காப்பு மிதவை இருக்கிறதா, வானிலை அறிவிப்பு குடும்பத்துக்குக் கிடைக்கிறதா என்று அன்பியக் கூட்டத்தில் கேட்பது இந்த அதிகாரத்தின்படி ஜெபத்துக்குப் புறம்பான பேச்சு அல்ல.

புது வீட்டுப் பிரதிஷ்டையில் 127-ஆம் சங்கீதம் தவறாமல் வாசிக்கப்படுகிறது. முதல் வசனத்தைக் கல்லில் பொறித்து வாசலில் பதிப்பவர்களும் உண்டு. இரண்டாம் வசனம், இருட்டோடு எழுந்து இரவு வரை உழைத்து வருத்தத்தின் அப்பத்தை உண்பதைப் பற்றிப் பேசுகிறது. தகுதிக்கு மீறி வங்கிக் கடனும் வட்டிக் கடனும் வாங்கி மாடி எழுப்பியவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய வசனம் அதுதான். பால்காய்ச்சுக்குப் பந்தல் போட்டு உறவெல்லாம் கூடியிருக்கும் வேளையில் அதைத் தாண்டிப் போய்விடுவது எளிது.

வீடு கட்டுவதைப் பற்றி வேதத்தில் இன்னொரு வசனம் இருக்கிறது. பிரதிஷ்டைகளில் அது வாசிக்கப்படுவது அரிது. கத்தோலிக்கர் இணைச்சட்டம் என்று சொல்லும் உபாகமம், 22-ஆம் அதிகாரம், 8-ஆம் வசனம். புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும். யாராவது விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின் மேல் வரும் என்கிறது சட்டம். பலஸ்தீன நாட்டில் தட்டைக் கூரைகளின் மேல் மக்கள் உலாவினார்கள், உறங்கினார்கள், தானியம் காய வைத்தார்கள். குமரியின் காங்கிரீட் வீட்டு மாடியில் நல்லமிளகும் கொப்பரையும் காய்கின்றன, துணி உலர்கிறது, பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள். பணம் தீர்ந்துபோய்ச் சுவரில்லாமல் விட்ட மாடி, பிடியில்லாத படிக்கட்டு, மூடியில்லாத கிணறு ஆகியவற்றின் முன் நின்று அந்த ஒரு வசனத்தை வாசித்தால் பக்தி எங்கே தொடங்குகிறது என்பது வீட்டுக்காரருக்கும் கொத்தனாருக்கும் சேர்ந்தே புரியும். அயலாரை நேசிப்பது செங்கல்லும் சிமென்ட்டுமாக எழும்பும் இடம் அது.

கூலியைப் பற்றிய பகுதிகளும் இப்படித்தான் ஓரத்தில் நிற்கின்றன. உபாகமம் 24 கூலிக்காரனின் கூலியைச் சூரியன் அடையும் முன் கொடுக்கச் சொல்கிறது. அவன் அதை நம்பியே உயிரை வைத்திருக்கிறான் என்று காரணமும் சொல்கிறது. அவன் சொந்த இனத்தானா, ஊரில் தங்கியிருக்கும் அந்நியனா என்ற வேறுபாடு பார்க்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்கிறது. குலசேகரம் பக்கம் விடியலில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், ஊர்ப்பேச்சில் அண்டியாபீஸ் எனப்படும் முந்திரி ஆலையில் கை கறுக்கக் கொட்டை உடைக்கும் பெண், கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடமாநில இளைஞர் ஆகிய மூவரும் அந்த இரண்டு வசனங்களுக்குள் அடங்கிவிடுகிறார்கள். மத்தேயு 20-இல் திராட்சத்தோட்டக்காரன் சாயங்காலம் ஐந்து மணிக்கும் சந்தைவெளியில் போய், வேலை கிடைக்காமல் நிற்பவர்களை அழைத்து, முழு நாள் கூலி கொடுக்கிறான். தேவனின் இரக்கத்தைப் பற்றிய உவமை என்று அதை விளக்குவது சரியே. அதைக் கேட்டுவிட்டுச் சந்திப்பில் காலையில் கூலிக்கு நிற்பவர்களைப் பாராமல் ஆலயத்துக்குப் போய்வருவது கடினமாக வேண்டும். ஆகாவிட்டால் உவமை இன்னும் காதில் விழவில்லை.

ரூத்தின் கதை நாஞ்சில் நாட்டுக்கு மிக நெருக்கமானது. அறுவடை வயலிலேயே நடக்கிறது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ விளைந்த இந்தப் பகுதியில், அறுப்புக்குப் பின் கதிர் பொறுக்கிய பெண்களை முதியவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். லேவியராகமம் 19 வயலின் ஓரத்தை முற்ற அறுக்கக் கூடாது, சிந்தியதைப் பொறுக்கக் கூடாது, அது எளியவனுக்கும் அந்நியனுக்கும் உரியது என்கிறது. வயல்காரன் போவாஸ் அந்தச் சட்டத்துக்கு மேலும் போகிறான். கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே சில கதிர்களை உருவிப்போடச் சொல்கிறான். வேலைக்காரர்கள் ரூத்தைத் தொடவோ வெட்கப்படுத்தவோ கூடாது என்று கட்டளையிடுகிறான். சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் உட்காரவைத்து வறுத்த தானியம் கொடுக்கிறான். மானம் குலையாமல் கொடுப்பது எப்படி என்று இதைவிட நுணுக்கமாகக் காட்டும் பகுதி அரிது. இன்று அறுவடை இயந்திரம் வயலில் இறங்குகிறது. வயல்களும் வெகுவாகச் சுருங்கிவிட்டன. ஆனால் அறுவடைப் பண்டிகையில் சேனையும் வாழைக்குலையும் ஏலம் போகின்றன. பிடியரிசி சேர்க்கும் பழக்கம் பல சபைகளில் இன்னும் தொடர்கிறது. அந்த அரிசி யார் வீட்டுக்குப் போகிறது, கொடுக்கும்போது அவர்கள் பெயர் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படுகிறதா என்பது ரூத் 2-ஆம் அதிகாரம் எழுப்பும் கேள்வி.

அதே நூலின் முதல் அதிகாரத்தில், பிரியாமல் கூட வருவேன் என்று ரூத் சொல்லும் உறுதி திருமண அட்டைகளில் கணவன் மனைவிக்கானதாக வருகிறது. சொன்னவள் விதவையான மருமகள். கேட்டவள் விதவையான மாமியார். சீதனக் கணக்கால் மருமகளும் மாமியாரும் முகம் திருப்பிக்கொள்ளும் வீடுகள் உள்ள மாவட்டத்தில், அந்த வசனத்தை அதன் சொந்த இடத்தில் வைத்து வாசிப்பதற்கு அவசரமான தேவை இருக்கிறது.

எல்லா வசனமும் ஒரே வகை அல்ல என்பதும் கற்பிக்கப்பட வேண்டியது. பிள்ளையை நல்வழியில் நடத்தினால் முதுமையிலும் அதை விடான் என்ற நீதிமொழி, வாழ்க்கையைக் கூர்ந்து பார்த்துச் சொன்ன பொதுவான அறிவு. அதை மீறாத வாக்குறுதியாக எடுத்துக்கொண்டால், குடிக்கு அடிமையான மகனின் தாயிடம் அது குற்றப்பத்திரிகையாகப் போய்ச் சேர்கிறது. சங்கீதம் ஜெபம்; சட்டம் ஒரு சமுதாயத்துக்கான ஒழுங்கு; கடிதம் ஒரு சபையின் சிக்கலுக்கான பதில்; உவமை கேட்பவரை உலுக்கும் கதை. பழைய சட்டங்களில் எவை புறவினத்தார் மேல் விழும், எவை விழுவதில்லை என்ற கேள்வியைத் திருச்சபை தொடக்கத்திலேயே எதிர்கொண்டது. அப்போஸ்தலர் 15 அந்த ஆலோசனையின் பதிவு.

புத்தகத்தை எங்கேயாவது திறந்து கிடைத்த வரியைத் தேவனின் பதிலாக எடுப்பதற்கு அகஸ்தீனை மேற்கோள் காட்டுபவர்கள் உண்டு. கி.பி. 386-இல் மிலானில் அவர் பவுலின் நிருபத்தைத் திறந்து கண்ணில் பட்ட பகுதியால் மாறியது உண்மை. ஆனால் அது அவர் நெடுநாளாகப் போராடிப் படித்துக்கொண்டிருந்த நூல். பிற்பாடு எழுதிய ஒரு கடிதத்தில், உலகக் காரியங்களுக்காக நற்செய்திப் பக்கங்களில் சீட்டு எடுப்பது தமக்குப் பிடிக்கவில்லை என்று அவரே சொல்கிறார். எந்த விளக்கம் தேவ அன்பையும் பிறரன்பையும் கட்டவில்லையோ அந்த விளக்கம் வேதத்தைப் புரிந்துகொள்ளவில்லை என்பது அவர் வைத்த அளவுகோல்.

வேதத்தை முழுதாகக் கையில் எடுக்கும் உரிமை இந்த மாவட்டத்தில் எளிதாக வந்ததல்ல. 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்குள் வந்தார். மயிலாடியில் வேதமாணிக்கம் அவருக்குத் துணை நின்றார். சபையோடு பள்ளியும் வந்தது. 1819-இல் நாகர்கோவிலில் தொடங்கிய பெண்கள் பள்ளி, இன்றைய டதி பள்ளி, எழுத்தின் வாசனையே மறுக்கப்பட்ட வீடுகளின் சிறுமிகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது. திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855-இல்தான். பக்கம் பக்கமாகப் படிப்பதற்காகவே எழுத்துக் கற்றவர்களின் கொள்ளுப்பேத்திகள் இன்று ஆண்டுக்கு ஒரு வசனத்தோடு நின்றுவிடுவது பெரிய இழப்பு.

முழுப் பகுதியைச் சேர்ந்து வாசிக்க ஏற்கெனவே கையில் வழிகள் உள்ளன. அன்பியங்களில் பின்பற்றப்படும் ஏழு படி நற்செய்திப் பகிர்வு, தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையத்தில் உருவானது: ஆண்டவரை அழைத்தல், வாசித்தல், மனத்தில் பட்ட சொற்களைத் திரும்பச் சொல்லுதல், அமைதி, பகிர்தல், சேர்ந்து செய்ய வேண்டியதைத் தேடுதல், ஜெபித்தல். நேரம் போதாமல் பெரும்பாலும் விட்டுப்போவது ஆறாம் படி. பகுதி அன்றாட வாழ்வைத் தொடும் படியும் அதுவே. எந்தக் கிணற்றுக்கு மூடி போடுவது, யாருக்குக் கூலி பாக்கி என்ற பேச்சு வர வேண்டிய இடம் அது. கத்தோலிக்கத் திருப்பலியின் மூன்றாண்டு வாசகச் சுழற்சியும் சி.எஸ்.ஐ. சபைகளின் ஞாயிறு பாடத்திட்டமும் அடுத்த வாரப் பகுதியை முன்கூட்டியே காட்டுகின்றன. சனிக்கிழமை இரவு வீட்டில் அதை ஒருமுறை வாசித்துவிடலாம். வாக்குத்தத்த அட்டையின் பின்பக்கத்தில் அதிகாரத்தை முழுதாகப் படிக்கும்படி ஒரு வரி அச்சிட எந்தச் சபைக்கும் கூடுதல் செலவு ஆகாது.

ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனம் தொடரட்டும். சிறுவயதில் மனத்தில் பதிந்தது முதுமையில் கண் மங்கிய பிறகும் துணை நிற்கிறது. அதை ஒப்பிக்கும் பிள்ளையிடம் சொன்னவர் யார், கேட்டவர் யார், அடுத்து என்ன நடந்தது என்று மூன்று கேள்விகள் கேட்கலாம். ஆண்டுத் தேர்வின் வினாத்தாளிலும் அவற்றுக்கு மதிப்பெண் ஒதுக்கலாம்.